அமெரிக்க இளையர் கைப்பந்து: உபகாரச் சம்பளக் கணக்கு சரிவருமா?

சனிக்கிழமை காலை மணி 8. வர்த்தகக் கண்காட்சிகள் நடக்கும் ஒரு பிரம்மாண்ட மாநாட்டு மண்டபம். தரையில் பிளாஸ்டிக் தளம் விரித்து, வரிசை வரிசையாக வலை கட்டியிருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் டஜன் கணக்கான ஆட்டங்கள். எந்த விசில் நம்ம விசில் என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

அமெரிக்காவில் முன்னணி கைப்பந்து கிளப்பில் ஆடும் 15 வயதுப் பெண்ணுக்கு வார இறுதி என்றால் பெரும்பாலும் இதுதான். கல்லூரி உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் பல குடும்பங்கள் அங்கே நிற்கின்றன. 2025 ஜூலையில் அந்த உபகாரச் சம்பள விதிகளே மாறிவிட்டன.

பள்ளி அணி இருக்கே, கிளப் எதுக்கு?

சிங்கப்பூரில் உங்களுக்குக் கைப்பந்து என்றால் சிசிஏ. பயிற்றுவிப்பாளரை ஏற்பாடு செய்வதும் போட்டிக்கு அனுப்புவதும் பள்ளி. அமெரிக்காவிலும் பள்ளி அணிகள் உண்டு. 450,000க்கும் அதிகமான உயர்நிலைப் பள்ளி மாணவிகள் ஆடுகிறார்கள். கூடைப்பந்து ஆடும் மாணவிகளைவிட அதிகம். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளிப் பருவம் ஆகஸ்ட்டில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடும். அதன் பிறகு கோடை வரை கிளப் பருவம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. பெண்கள் கல்லூரிப் போட்டிகளும் ஆகஸ்ட்டிலிருந்து டிசம்பர் வரைதான். ஆக, பள்ளி ஆட்டங்கள் நடக்கும்போது கல்லூரிப் பயிற்றுவிப்பாளர்கள் தங்கள் அணியோடு பரபரப்பாக இருப்பார்கள். அவர்கள் ஆள் தேடக் கிளம்பும்போது கிளப் பருவம் சூடுபிடித்திருக்கும். ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான அணிகளைப் பார்க்க முடியும் என்றால், யார் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போவார்கள்?

அதனால் கிளப் விற்பது பயிற்சியை மட்டுமல்ல. சரியான கண்ணில் படும் வாய்ப்பையும்தான்.

அந்த வாய்ப்பு மலிவு இல்லை. பெரிய கிளப்பின் முதல் அணி என்றால் ஆண்டுக் கட்டணமே பல ஆயிரம் டாலர். விமானம், சாப்பாடு எல்லாம் தனி. பல போட்டிகளில் ஏற்பாட்டாளர் சொல்லும் ஹோட்டலில் தங்கினால்தான் அணி ஆடவே முடியும். பெற்ற பிள்ளை ஆடுவதைப் பார்க்க அப்பா அம்மாவுக்கும் டிக்கெட்! ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஓய்வு என்று நினைக்காதீர்கள். அடுத்த ஆட்டத்துக்குக் கோட்டு நடுவராக நிற்பதும் புள்ளி எழுதுவதும் அவர்கள் வேலை. (எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். நடுவரைத் திட்டும் பழக்கம் தானாகக் குறையும்.)

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை எவ்வளவு உயரமாக எகிறினாலும், இந்த மண்டபத்துக்குள் வரவே வழி கிடைக்காமல் போகலாம். சில கிளப்கள் கட்டண உதவி தருகின்றன. ஆனால் பயணச் செலவு?

என்ன மாறியது?

2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் மீதான பெரிய வழக்கில் சமரசத் தீர்வை ஏற்றுக்கொண்டது. ஜூலை முதல் தேதி அது நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு முதல் பிரிவுப் பெண்கள் கைப்பந்து அணி 12 பேருக்குத்தான் உபகாரச் சம்பளம் தரலாம். தீர்வில் சேர்ந்த கல்லூரிகள் இப்போது 18 பேருக்குத் தரலாம். ஆனால் அணியிலேயே 18 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

கேட்க நல்ல செய்திதான். ஆனால், 'தரலாம்' என்பதற்கும் 'தருவார்கள்' என்பதற்கும் வித்தியாசம் இருக்கே! ஒரு கல்லூரி தன் விளையாட்டாளர்களுக்கு முதல் ஆண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து தரவும் அதே தீர்வு அனுமதித்தது. அதில் பெரும்பங்கு அமெரிக்கக் காற்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. கைப்பந்துக்குக் கூடுதலாக ஆறு சம்பளம் கொடுக்க எல்லாக் கல்லூரிகளுக்கும் கையில் காசு இருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பிரிவில் 300க்கும் அதிகமான அணிகள். எல்லாமே 18 பேருக்கும் முழுச் சம்பளம் கொடுத்தாலும் ஏறக்குறைய 6,000 இடம். நான்கு ஆண்டுப் படிப்பு என்பதால் ஆண்டுக்குச் சுமார் 1,500 இடம்தான் காலியாகும். பள்ளியின் ஒவ்வொரு வகுப்பிலும் ஆடுவோர் சராசரியாக 100,000க்கும் மேல். நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர். முன்னணி கிளப்பில் இருப்பவருக்கு வாய்ப்பு இதைவிட அதிகம், மறுக்க முடியாது. ஆனால் அதே மண்டபத்தில் பக்கத்து வலையில் ஆடுபவரும் முன்னணி கிளப்தானே?

போட்டி சக வயதினரோடு மட்டுமில்லை. கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்துவிட்டது. 17 வயதுப் புதுமுகத்தைவிட, வேறு கல்லூரியில் இரண்டு பருவம் ஆடிய 20 வயது வீராங்கனை பயிற்றுவிப்பாளருக்குப் பாதுகாப்பான தேர்வு.

இதற்கிடையில் உடம்பு. பள்ளி, கிளப் என்று ஆண்டு முழுக்கக் குதித்தால் முழங்காலும் தோளும் சும்மா இருக்குமா? 10ஆம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும்வரை முதல் பிரிவுப் பயிற்றுவிப்பாளர் மாணவியைப் பார்க்கலாம், சேர்ப்பதைப் பற்றிப் பேசக்கூடாது. அந்தத் தேதிக்கு முந்தைய மாதங்களில் "முழங்கால் வலிக்குது" என்று வாயைத் திறந்து சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

அப்படியானால் யாரும் சேரக்கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்ட் 30ஆம் தேதி நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ஆட்டத்தைக் காண அரங்கில் 92,003 பேர் கூடினார்கள். தோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் தங்கம், பாரிஸில் வெள்ளி. அந்தத் தரத்துக்கு அடித்தளம் இந்த கிளப்கள்தான். என் சந்தேகம் விளையாட்டின் மீதல்ல, 'முதலீடு' என்ற சொல்லின் மீது. பியானோ வகுப்புக்குக் கட்டுவதுபோல, திரும்பி வராத பணம் என்று தெரிந்தே கட்டினால் பிரச்சினை இல்லை. இங்கே டிஎஸ்ஏ வழியாக உயர்நிலைப் பள்ளியில் இடம்பிடிக்கத் தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டும் வீடுகளுக்கு இது பழக்கமான தடுமாற்றம்தான்.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் பெண்கள் கைப்பந்து அணிகள் அதிகம் இருப்பது முதல் பிரிவில் அல்ல, மூன்றாம் பிரிவில். அங்கே விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் ஒரு காசுகூடக் கிடையாது. ஆனாலும் அந்த அணிகளுக்கு ஆள் பஞ்சம் இல்லை.