டீசல் பணம் பேட்டரிக்குப் போகட்டும்

மின்சாரக் கார்களைப் பரவலாக்க மலேசிய அரசாங்கம் 2022 ஜனவரி 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை, நான்கு ஆண்டுகள், வரி வருமானத்தை விட்டுக்கொடுத்தது. முழுமையாக இறக்குமதியாகும் மின்சாரக் காருக்கு இறக்குமதி வரி இல்லை, கலால் வரி இல்லை, சாலை வரியும் இல்லை. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: இப்படி இறக்குமதியாகும் கார்களை ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் கீழே விற்கக்கூடாது. உள்நாட்டுத் தயாரிப்பாளர்களைக் காக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் விளைவு என்ன? ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்துக் கார் வாங்க வசதியுள்ளவருக்குத்தான் பொதுப்பணத்தின் சலுகை கிடைத்தது. வாசலில் கார் நிறுத்த இடமும், இரவு முழுக்க சார்ஜ் போட வசதியும், பெரும்பாலும் வீட்டில் இன்னொரு பெட்ரோல் காரும் உள்ள நகரத்துக் குடும்பங்கள் அவை. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவே இருக்கும் திரிங்காப் போன்ற ஊருக்கு அந்த நான்கு ஆண்டுகளில் என்ன வந்து சேர்ந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. விடுமுறை நாட்களில் மலையேறி வரும் சுற்றுலாப் பயணிகளின் கார்களை வேண்டுமானால் கணக்கில் சேர்க்கலாம்.

விலை இப்போது இறங்கிவருகிறது என்பது உண்மை. 2024 டிசம்பரில் தன் முதல் மின்சாரக் காரை ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குச் சற்று மேல் விற்கத் தொடங்கிய உள்நாட்டு நிறுவனமான புரோட்டோன், 2025 அக்டோபரில் இ.மாஸ் 5 என்ற சிறிய காரை ஏறத்தாழ 60,000 ரிங்கிட்டில் இறக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பெரோடுவா தன் முதல் மின்சாரக் காரை 80,000 ரிங்கிட்டுக்கு அறிவித்தது. அந்த விலையில் பேட்டரி சேராது. அதற்கு மாதம் 275 ரிங்கிட் வாடகை தனி. இந்த ஏற்பாட்டைப் பலர் குறை சொன்னார்கள். என் பார்வையில், நாட்டில் இதுவரை வந்த யோசனைகளில் ஏழைக்கு மிகவும் பயன்படக்கூடியது இதுதான், சரியான வாகனத்தோடு இணைத்தால். மின்சார வாகனம் விலை கூடியிருப்பதற்கு முதல் காரணம் பேட்டரி. உலகச் சந்தையில் 2010இல் ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிக்கு ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் ஆனது. 2024இல் அது 115 டாலராகச் சரிந்துவிட்டது. அப்படியும் முழுப் பணத்தையும் முதல் நாளே எடுத்து வைக்கச் சொன்னால் சிறு விவசாயியால் முடியாது. டீசலுக்கு மாதாமாதம் கொடுப்பதுபோல் பேட்டரிக்கும் கொடுக்கலாம் என்றால் அவருடைய கணக்கே மாறுகிறது.

மின்சாரத்துக்கு முதலில் மாற்ற வேண்டியது சொகுசுக் காரை அல்ல, உழைக்கும் வண்டியை. அதற்குக் கேமரன் மலையைவிடப் பொருத்தமான இடம் தீபகற்பத்தில் குறைவு. திரிங்காப்பிலும் அதைச் சுற்றியும் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். கொல்லையில் அறுத்த முட்டைக்கோஸையும் தக்காளியையும் பொட்டலம் கட்டும் கொட்டகைக்கு இழுத்துவரும் பழைய லேண்ட்ரோவர்கள். அங்கிருந்து ஈப்போவுக்கும் தாப்பாவுக்கும் இறங்கும் லோரிகள். தேயிலைத் தோட்டங்களில் பறித்த கொழுந்தை வாடுவதற்குள் ஆலைக்குச் சேர்க்கும் லோரிகள். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் வேன்கள். தொழிலாளர்களின் மோட்டார் சைக்கிள்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கிலிருந்து ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால் தோட்டத்துக்குள்ளேயே நடக்கும் இந்தப் போக்குவரத்து சிறியதல்ல. இவற்றில் பெரும்பாலானவை தினமும் அதே பாதையில் குறைந்த தூரம் ஓடி, இரவில் அதே இடத்தில் நிற்பவை. தூரம் போதுமா, எங்கே சார்ஜ் போடுவது என்று நகரத்துக் கார்க்காரர் கவலைப்படுவதுபோல் இவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமானது பாரம் போகும் திசை. கேமரன் மலையில் காய்கறி கீழே இறங்குகிறது. வண்டி பெரும்பாலும் காலியாகவோ குறைந்த பாரத்தோடோ மேலே ஏறுகிறது. ஒரு டன் எடை 1,200 மீட்டர் கீழே இறங்கும்போது ஏறத்தாழ 3.3 யூனிட் ஆற்றல் விடுபடுகிறது. வண்டியும் சரக்குமாக ஆறு டன் என்று வைத்தால் அது கிட்டத்தட்ட 20 யூனிட். மூன்று டன் எடையுள்ள காலி வண்டி அதே உயரத்துக்கு ஏற இதில் பாதி போதும். டீசல் லோரியில் அந்த 20 யூனிட்டில் பெரும்பகுதி பிரேக்கைச் சூடாக்கியும் என்ஜினை முனக வைத்தும் வீணாகிறது. சரிவில் பிரேக் சூடாவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்தச் சாலைகளில் ஓட்டுபவருக்குச் சொல்லத் தேவையில்லை. மின்சார வண்டியில் மோட்டாரே வேகத்தைக் கட்டுப்படுத்தி, அந்த ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். சக்கர உராய்வும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும்தான், மின்சாரமே வாங்காமல் வண்டி ஓடிவிடாது. ஆனாலும் சுவிட்சர்லாந்தின் பீல் நகருக்கு அருகே ஒரு குவாரியில் காலியாக ஏறிப் பாரத்தோடு இறங்கும் மின்சார லோரி, ஏறச் செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை இறங்கும்போதே மீட்டுக்கொள்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: மலை உச்சியில் பேட்டரியை நூறு விழுக்காடு நிரப்பிக்கொண்டு இறங்கினால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. கொஞ்சம் காலியாக விட்டே கிளம்ப வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும்? புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் விலை 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏற்றப்பட்டபோது, தகுதியுள்ள தனிநபர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் பூடி மடானி திட்டத்தில் மாதம் 200 ரிங்கிட் கொடுக்க அரசாங்கம் முன்வந்தது. பதிவுபெற்ற சரக்கு லோரிகளுக்குத் தனி அட்டை மூலம் பழைய விலையிலேயே டீசல் தொடர்ந்தது. ஏழை விவசாயியைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயத்தில் செய்த ஏற்பாடு அது, தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த 200 ரிங்கிட்டையும் பேட்டரி வாடகையான 275 ரிங்கிட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டீசலுக்கென்று ஒதுக்கும் பணமே பேட்டரி வாடகையின் பெரும்பகுதியைக் கட்டிவிடும். சரக்கு வண்டிக்குப் பெரிய பேட்டரி வேண்டும், வாடகையும் கூடும். அதன் டீசல் சலுகையும் கூடுதல்தானே. விவசாயியிடம் ஒரு தேர்வைக் கொடுங்கள்: டீசல் உதவியைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம், அல்லது அதே தொகையைப் பேட்டரி வாடகையாக மாற்றிக்கொள்ளலாம். டீசலுக்குத் தரும் உதவி ஒவ்வொரு மாதமும் எரிந்துபோகிறது. பேட்டரிக்குத் தரும் உதவியால் டீசல் வேண்டாத ஒரு வண்டி கையில் நிற்கும்.

உழைக்கும் வண்டிதான் முதலில் மாறும் என்பதற்கு இந்தியா சாட்சி. அங்கே மின்சாரக் கார்கள் இன்னும் சிறுபான்மை. ஆனால் புதிதாக விற்கும் மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சாரத்தில் ஓடுபவை. ஆட்டோ ஓட்டுநர் அன்றைய எரிபொருள் செலவை அன்றைய வரவோடு நேருக்கு நேர் பார்க்கிறார், அதனால் அவரை யாரும் நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு பாடமும் அங்கே உண்டு. 2023 ஜூனில் இருசக்கர வாகனங்களுக்கான மானியத்தைத் திடீரென்று குறைத்ததும், முந்தைய மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிய விற்பனை பாதிக்கும் கீழே விழுந்தது. கொடுப்பதைக் குறைவாகக் கொடுத்தாலும் பல ஆண்டுகளுக்கு நிலையாகக் கொடுக்க வேண்டும். நேப்பாளத்தைப் பாருங்கள்: மலைநாடு, சொந்த நீர்மின்சாரம், 2015இல் எல்லை அடைபட்டு எரிபொருளுக்குத் தவித்த அனுபவம். பெட்ரோல் கார்களைவிட மின்சார வாகனங்களுக்கு மிகக் குறைந்த வரி வைத்தார்கள். இன்று அங்கே இறக்குமதியாகும் பயணிகள் கார்களில் பெரும்பாலானவை மின்சாரக் கார்களே. சிறு பேருந்துகளும் மலைச்சாலைகளில் மின்சாரத்தில் ஓடுகின்றன. மலையேற மின்சார வண்டிக்கு வலு போதாது என்போருக்கு அந்தச் சாலைகளே பதில். எண்களிலும் சொல்லலாம்: ஒன்றரை டன் காருக்கு 1,200 மீட்டர் உயரம் ஏற, சாலைத் தூரத்துக்கு ஆவது போக, கூடுதலாகத் தேவைப்படுவது ஏறத்தாழ ஐந்து யூனிட். சந்தையின் மலிவான காரின் பேட்டரியே 30 யூனிட் பிடிக்கும்.

மின்சாரமே நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தானே வருகிறது என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. நாட்டின் பெரும்பகுதி மின்சாரம் அப்படித்தான். அதிலும்கூட டீசல் என்ஜினைவிட மின்மோட்டார் வீணாக்குவது மிகக் குறைவு. கேமரன் மலையோ தன் ஆறுகளின் தண்ணீரால் நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் மலை. ரிங்லெட்டில் 1963இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணையின் தண்ணீர் இறங்கி ஓட்டும் ஜோர் நிலையம் மட்டும் 100 மெகாவாட் திறன் கொண்டது. மலை வெட்டிக் கொட்டும் மண்ணால் அந்த அணை தூர்ந்துவருவது தனிக் கவலை. மின்சார வாகனம் அதைத் தீர்க்காது, தீர்க்கும் என்று யாரும் ஏமாற்றவும் வேண்டாம்.

எனக்குக் கனமாகத் தோன்றும் தடைகள் இரண்டு. முதலாவது நிலம். இங்குள்ள பல விவசாயிகள் தற்காலிக நில உரிமத்திலோ குறுகிய காலக் குத்தகையிலோ பயிரிடுகிறார்கள். அடுத்த ஆண்டு அந்த நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் கொட்டகையில் சார்ஜர் மாட்டக் கடன் வாங்கமாட்டார், வங்கியும் கொடுக்காது. ஆகவே சார்ஜர் விவசாயியின் நிலத்தில் அல்ல, காய்கறி திரளும் பொதுச் சேகரிப்பு மையங்களிலும் தோட்ட ஆலைகளிலும் ஊர்த் திடல்களிலும் வர வேண்டும். 2025க்குள் 10,000 மின்னேற்று நிலையங்கள் என்ற தேசிய இலக்கு எட்டப்படவில்லை. கட்டியவையும் நெடுஞ்சாலைகளையும் பேரங்காடிகளையும் சுற்றியே அதிகம். இரண்டாவது, சேற்றுப் பாதையில் நான்கு சக்கர வலுவோடு ஏறும் பழைய லேண்ட்ரோவருக்கு இணையான மலிவான மின்சார வண்டி இன்று இல்லை. அதைக் கடைசியில் மாற்றுவோம். கொழுந்து லோரியும் பள்ளி வேனும் ஈப்போவுக்கு இறங்கும் சிறு லோரியும் முன்னால் நிற்கின்றன. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகும் நெடுந்தூர லோரிகளும் காத்திருக்கலாம்.

இறக்குமதிக் கார்களுக்கான வரிவிலக்கு முடிந்துவிட்டது. உள்நாட்டில் பொருத்தும் வாகனங்களுக்கான சலுகை 2027 இறுதிவரை இருக்கிறது. அந்தக் காலம் முடிவதற்குள் ஒன்று முதல் மூன்று டன் வரையிலான மின்சாரச் சரக்கு வண்டிகளை இங்கே பொருத்த வையுங்கள், டீசல் உதவியைப் பேட்டரி வாடகையாக மாற்றிக்கொள்ளும் உரிமையை விவசாயிக்குக் கொடுங்கள், திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா வரை சேகரிப்பு மையங்களில் சார்ஜர் வையுங்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சு எழுதவேண்டியது இந்த மூன்றையும்தான். அதைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு பகாங் மாநில அரசுக்கும் கேமரன் மலையின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் உண்டு.