வானம் தோண்டுமுன் பட்டாவைப் பார்க்க வேண்டும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். அனுமதி வாங்கிப் பார் என்று அவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை. அன்று அதற்குத் தேவை இருக்கவில்லை. மண் தன் நிலத்தில் இருந்தது, மூங்கில் கொல்லையில் இருந்தது, கீற்று தோப்பில் முடைந்தது. நல்ல நாள் பார்த்துக் கொத்தனார் கயிறு பிடித்தால் வேலை தொடங்கிவிடும். இன்று கிராமத்தில் கட்டும் வீட்டுக்கும் அனுமதி வேண்டும். 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் கிராமங்களுக்கும் பொருந்தும்.

"என் நிலத்தில் நான் வீடு கட்ட யாரைக் கேட்க வேண்டும்?" என்று பல விவசாயிகள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் கிராமத்தில் எந்த நிலமும் தனியாக இருப்பதில்லை. ஒருவர் வயலின் ஓரமாகத்தான் அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் போகிறது. வாய்க்காலை ஒட்டிக் கடைக்கால் போட்டால் கடைமடைக்காரர் பயிர் காயும். வண்டிப் பாதையில் படிக்கட்டு வைத்தால் அறுப்புக் காலத்தில் நெல் வண்டி திரும்ப முடியாது. மேலே மின்கம்பி போகும் இடத்தில் மாடி எழுப்பினால் உயிருக்கே ஆபத்து. இவற்றை முன்கூட்டியே பார்த்துச் சொல்வதற்குத்தான் அனுமதி என்ற ஏற்பாடு. அந்த அளவில் அது விவசாயிக்கும் பாதுகாப்பே.

அனுமதி இல்லாமல் கட்டியவருக்கு உடனே ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் துணிச்சல் வருகிறது. கஷ்டம் பின்னால் வருகிறது. பாதியில் பணம் தீர்ந்து வங்கிக்குப் போனால், வீட்டுக் கடனுக்கு அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்கிறார்கள். வரைபடம் இல்லாதவர் வட்டிக்காரரிடம் போகிறார். வீட்டுக்குத் தனி மின் இணைப்பு எடுக்க வழி தெரியாமல், பம்புசெட்டு இணைப்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்து விளக்குப் போட்டுக் கொள்கிறவர்களும் உண்டு. இது பெரிய தவறு. விவசாயத்துக்குத் தரும் இலவச மின்சாரத்தை வீட்டுக்குப் பயன்படுத்தினால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி இருமடங்குக் கட்டணம் விதிக்க இடம் உண்டு. பம்புசெட்டு இணைப்புக்கே வம்பு வரும்.

அனுமதி பெறுவதை எளிதாக்க அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அல்லது அதன்மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் அனுமதி கிடைத்துவிடும். அலுவலர் நேரில் வந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முடிவுச் சான்றிதழும் தேவையில்லை. குடிமகன் சொல்லை அரசு நம்புவது நல்ல காரியம். வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் இந்த முறை மனைக்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டது. 2,500 சதுர அடி என்பது ஏறக்குறைய ஐந்தே முக்கால் சென்ட். நகரத்தை அடுத்த மனைப்பிரிவில் வாங்கிய மனைக்கு இந்தக் கணக்குச் சரி. குடியானவரின் நிலம் ஏக்கர் கணக்கில், அதுவும் நன்செய், புன்செய் என்று பதிவாகி இருக்கிறது. திட்டப் பகுதிகளுக்கு வெளியே விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். இதற்கு 2017-ல் தனி விதிகளும் வந்தன. விளைநிலம் மனையாக மாறுவதைத் தடுக்க இப்படி ஒரு கட்டுப்பாடு அவசியம்தான். என்றாலும் தன் வயலோரத்தில் குடியிருக்க ஒரு வீடு கட்ட நினைக்கிறவர் எந்த அறையில், யாரிடம், எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. சுயசான்றில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தது தவறென்று பின்னால் தெரிந்தால் பொறுப்பு எழுதிக் கொடுத்தவருடையது. நிலத்தின் வகை தெரியாமல் கணினி மையத்தில் யாரோ நிரப்பிய படிவத்தில் கையெழுத்துப் போடுவது ஆபத்து.

இவை எல்லாவற்றுக்கும் மேலான தடை ஒன்று இருக்கிறது. சிறு விவசாயியின் விண்ணப்பம் பெரும்பாலும் கட்டட விதியில் இடறி விழுவதில்லை. அது பட்டாவில் இடறி விழுகிறது.

ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். தாத்தா பெயரில் மூன்று ஏக்கர். தகப்பனார் காலத்தில் வாய்ப்பேச்சாகப் பங்கு பிரித்தாயிற்று. வரப்புப் போட்டு, முப்பது வருஷமாக அவரவர் பங்கில் அவரவர் பயிர் செய்கிறார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆனால் பட்டா இன்னும் கூட்டுப் பட்டா. அதில் காலமான இரண்டு பேர் பெயர் இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒருவர் பெயர் விட்டுப் போயிருக்கிறது. 1979-ல் தொடங்கி நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் ஏறிய பிழைகள் பல ஊர்களில் இன்றுவரை அப்படியே தொடர்கின்றன. 2005-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டப்படி பூர்வீகச் சொத்தில் பெண் மக்களுக்கும் ஆண்களுக்குச் சமமான உரிமை உண்டு. வாய்ப்பேச்சுப் பங்கில் அவர்களைக் கேட்டதே இல்லை. இந்த நிலையில் நடு மகன் தன் பங்கில் வீடு கட்ட அனுமதி கேட்டால், "இந்த இடம் உன்னுடையது என்பதற்கு ஆதாரம் என்ன?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. முப்பது வருஷம் உழுதது ஆதாரமாக ஏடு ஏறவில்லை.

கேட்டுப் பார்த்து அலுத்துப் போய், அனுமதி இல்லாமலே கட்டிவிடுகிறார். பத்து வருஷம் கழித்து அண்ணன் மகன் பங்கு கேட்டு நோட்டீஸ் அனுப்புகிறார். வீடு நிற்பது பொது நிலத்தில் என்கிறார். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் செங்கல்லாக நிற்க, அந்தச் செங்கல்லுக்குக் கீழே உள்ள மண் யாருடையது என்ற வழக்கு ஆரம்பமாகிறது.

எனவே வீடு கட்ட நினைப்பவர்கள் வானம் தோண்டுவதற்கு ஆறு மாதம் முன்பாவது பட்டாவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சர்வே எண், உட்பிரிவு எண், பெயர், பரப்பு ஆகியவற்றைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்ப்பது அவசியம். புலப்படத்தை வாங்கி, வாய்க்கால், பாதை, புறம்போக்கு எங்கே போகிறது என்று நிலத்தில் நடந்து பார்க்க வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் சகோதரிகள் உட்பட எல்லோரும் கூடிப் பேசி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, உட்பிரிவுக்கு விண்ணப்பிப்பதே முறை. நல்ல மனதோடு இருக்கும்போது செய்துகொள்வது மலிவு. மனம் கசந்த பிறகு செய்தால் வக்கீலுக்கும் சேர்த்துச் செலவு. தாசில்தார் ஆணை தவறென்று பட்டால், 1983-ம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

விவசாயி செய்ய வேண்டியது இது. அரசு செய்ய வேண்டியதும் உண்டு. நில அளவர் வருகைக்காக மாதக் கணக்கில் காத்திருக்கும் நிலை மாற வேண்டும். உட்பிரிவு தாமதமானால் சுயசான்றின் வேகத்தால் விவசாயிக்குப் பயன் இல்லை. முன்சக்கரம் கழன்ற வண்டிக்குப் பின்சக்கரத்தில் எண்ணெய் விட்டது போல்தான் அது. மாதம் ஒரு நாளாவது கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், ஊராட்சிச் செயலர் ஆகிய மூவரும் ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து வீடு கட்டுவோரின் காகிதங்களைப் பார்த்துக் கொடுக்கலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நன்செய்க்கு எந்த வழி, புன்செய்க்கு எந்த வழி, நத்தத்துக்கு எந்த வழி, கட்டணம் எவ்வளவு என்பதை அலுவலகச் சுவரில் எல்லோருக்கும் புரியும் தமிழில் எழுதி வைக்கலாம். கட்டணம் சுவரில் இருந்தால், அதற்கு மேல் கேட்கிறவருக்குக் கூச்சம் வரும்.

2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. ஒரு சென்ட் கூட இல்லை. அந்த ஒரு சென்ட் மண் தன்னுடையது என்று காட்ட ஒரு விவசாயி ஆண்டுக் கணக்கில் அலைய வேண்டியிருந்தால், திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவர் தலைக்கு மேல் கூரை ஏறாது. ஏரைப் பூட்டுமுன் கொழுவைப் பார்க்கும் குடியானவர், வீட்டைத் தொடங்குமுன் பட்டாவையும் பார்த்துக் கொள்வது நல்லது.