தர்மக் கணக்கில் தாத்தா

மகாளய அமாவாசையன்று மயிலாப்பூர்க் குளத்தங்கரைப் பக்கம் போயிருந்தேன். தர்ப்பணத்தை முடித்துக்கொண்டு எதிரே வந்தார் நண்பர் ஒருவர். "ஓய், உம்முடைய கொள்ளுத் தாத்தாவின் தகப்பனார் பெயர் என்ன?" என்று கேட்டு வைத்தேன்.

நண்பர் விழித்தார். "மூன்று தலைமுறைக்குத்தானே எள்ளும் தண்ணீரும்? நாலாவது ஆளை யார் கேட்கிறார்கள்?" என்றார்.

வேல்ஸ் நாட்டில் கேட்கிறார்கள்! இங்கிலாந்துக்கு மேற்கே, மலையும் கடலுமாக உள்ள சின்ன நாடு அது. கரையோரத்துப் பிள்ளைகள் பலர் அந்தக் காலத்தில் கப்பலேறிப் பிழைக்கப் போனார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று பழைய ஏடுகளைப் புரட்டித் தாத்தாக்களைத் தேடுகிறார்கள்.

தேடுவதில் ஒரு சங்கடம். நம்மைப் போலவே அவர்களுக்கும் முன்பு தகப்பன் பெயர்தான் அடையாளம். நாம் இனிஷியல் போடுகிறோம். அவர்கள் 'அப்' என்று போட்டார்கள். 'அப் ரீஸ்' என்றால் ரீஸின் மகன். அதுவே தேய்ந்து 'பிரைஸ்' ஆயிற்று. பிற்பாடு, ஊரில் பாதிப் பேர் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ் என்று ஆகிவிட்டார்கள். ஒரே கிராமத்தில் பத்து ஜான் ஜோன்ஸ் இருந்தால் நம் தாத்தா எந்த ஜோன்ஸ்?

இங்கேதான் தர்மக் கணக்கு கைகொடுக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் உழைத்தவர்களுக்காக, லண்டனில் 'பாப்ளர் நிதி' என்று ஒன்று இருந்தது. மாலுமிகளின் சம்பளத்தில் பிடித்த காசும் அதில் சேரும். கை கால் இழந்தவனும், புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்தவளும் அதில் உதவி கேட்கலாம். கேட்டவுடன் கிடைத்துவிடுமா? எந்தக் கப்பல், எத்தனை காலம், கலியாணம் ஆனதற்கு என்ன அத்தாட்சி என்றெல்லாம் சொல்லி மனுப் போட வேண்டும். அந்தக் கம்பெனிக் காகிதங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அன்றைக்கு அழுதுகொண்டே சொன்ன விவரம், இன்றைக்குப் பேரனுக்கு வம்சாவளி!

பணக்காரனுக்கு இந்தப் பாடு இல்லை. 1687 முதல் 1692 வரை சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் வேல்ஸ் வம்சத்தவர். கோட்டைக்குள் இருக்கும் மேரி மாதா கோயிலின் கலியாணப் பதிவேட்டில் முதல் கலியாணமே 1680-ல் நடந்த அவருடைய கலியாணந்தான். அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலையே அவர் பெயரைச் சொல்கிறது. ஏழை மாலுமிக்கோ கஷ்டம் வந்தால்தான் சரித்திரம். யாரிடமும் கையேந்தாமல் போய்ச் சேர்ந்தவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போகலாம்.

சென்னையிலும் இப்படி ஒரு தர்ம ஸ்தாபனம் இருந்தது. 1789-ல் எழும்பூரில், வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஓர் அநாதை விடுதி தொடங்கினார்கள். அவர்களில் பலருக்குத் தாய் இந்த மண்ணைச் சேர்ந்தவள். ஆனால் அந்தக் காலத்து ஞானஸ்நானப் பதிவுகளைப் பாருங்கள். தகப்பன் பெயர் இருக்கும். பல இடங்களில் தாய்க்குப் பெயரே இராது. 'சுதேசிப் பெண்' என்பதோடு சரி. அப்பா வழியில் போனால் பேரன் சீமை வரைக்கும் போய்ச் சேரலாம். அம்மா வழியில் போனால் முதல் வாசற்படியிலேயே கதவு சாத்தியிருக்கிறது.

அந்த விடுதியை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தம் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தார். ஒரு பிள்ளை படித்து இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். அதுவே 'சென்னை முறை' என்று சீமைக்குப் போயிற்று. 1811-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட சங்கம் அந்த முறையில் பள்ளிகள் நடத்தியது. வேல்ஸ் மாலுமியின் பேரன் நம் ஊர் மணலில் பிறந்த வித்தையால் எழுத்துக் கற்றிருக்கலாம். பெல் துரையின் பெயர் நிலைத்துவிட்டது. மணலில் எழுதிய நம் குழந்தைகளின் பெயர் மணலோடு போயிற்று.

ஆகையால், நேயர்களே, வீட்டில் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் போதும்.

மறுநாள் நண்பர் ஓடி வந்தார். "அத்தைப் பாட்டியைக் கேட்டேன். நாலாவது தாத்தா பெயர் கிடைத்துவிட்டது!" என்றார்.

"பேஷ்! அவருடைய சம்சாரத்தின் பெயர்?" என்றேன்.

நண்பர் மறுபடியும் விழித்தார்.