புகையின் பழியை ஆவியின்மேல் போடாதீர்கள்

ஜேம்ஸ் வாட், நீராவி எஞ்சின், தொழிற்புரட்சி. அப்புறம் மின்சாரம் வந்தது, நீராவி போயிற்று. பள்ளியில் இந்த வரிசையை மனப்பாடம் செய்தவர்கள்தான் வளர்ந்த பிறகும் 'நீராவி யுகம் முடிந்து எவ்வளவு காலமாயிற்று!' என்று அடித்துப் பேசுகிறார்கள். முடிந்தது நீராவி ரயில். இந்தியாவில் இன்று உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, கொதிகலனில் பிறந்த ஆவி டர்பைனைச் சுழற்றுவதால் கிடைப்பது.

கூடங்குளத்தில் அணு பிளந்தவுடன் மின்சாரம் கம்பியில் பாய்ந்துவிடுகிறது என்று நம்பும் படித்தவர்கள் பலர். அணு அங்கே செய்வது தண்ணீரைச் சூடாக்குவது. அந்தச் சூட்டில் இன்னொரு சுற்றிலுள்ள தண்ணீர் ஆவியாகி, நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும் டர்பைனை ஓட்டுகிறது. 1000 மெகாவாட் அதிலிருந்துதான் வருகிறது. கல்பாக்கத்தின் வேக ஈனுலையில் வெப்பத்தைச் சுமந்து வருவது திரவ சோடியம். அதுவும் கடைசியில் தண்ணீரிடம்தான் வெப்பத்தை ஒப்படைக்கிறது. இத்தனை நவீன உலைகளும் ஆவியை விடாததற்குக் காரணம் பழக்கம் அல்ல. கொதிநிலையிலுள்ள ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2257 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் 1600 மடங்குக்கு மேல் விரிகிறது. வேலை முடிந்ததும் குளிர்ந்து மறுபடி தண்ணீராகிவிடுவதால், அதைக் கொதிகலனுக்குத் திருப்பி ஏற்றச் செலவாகும் ஆற்றல் மிகக் குறைவு. மலிவு, நச்சில்லை, எங்கும் கிடைக்கும். 1884இல் சார்லஸ் பார்சன்ஸ் தன் டர்பைனைச் செய்ததிலிருந்து இன்றுவரை, இவ்வளவு பெரிய அளவில் தண்ணீரின் இடத்தைப் பிடிக்க வேறொரு பொருள் வரவில்லை.

'வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீணாகிறதே' என்பார்கள். பழைய அனல்மின் நிலையங்களுக்கு அது பொருந்தும். ஆவியை 600 டிகிரிக்குக் கொண்டுபோகும் புதிய நிலையங்கள் வெப்பத்தில் நாற்பத்தைந்து சதவீதம்வரை மின்சாரமாக்குகின்றன. எரிவாயு டர்பைனிலிருந்து வெளியேறும் சூட்டில் ஆவி உண்டாக்கி இரண்டாவது டர்பைனை ஓட்டும் நிலையங்கள் அறுபதைத் தாண்டிவிட்டன. நம் சர்க்கரை ஆலைகளைப் பாருங்கள்: சக்கையை எரித்து வரும் ஆவி மின்சாரம் தந்துவிட்டு, மிச்சச் சூட்டில் கரும்புச்சாற்றையும் காய்ச்சுகிறது.

நிலக்கரிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்த மண்ணைப் பார்த்த எவருக்கும் அந்த வாதம் வாயில் வராது. நிலக்கரி போக வேண்டும். ஆனால் சாம்பலும் கரியமில வாயுவும் அடுப்பிலிருந்து வருபவை, ஆவியிலிருந்து அல்ல. மேட்டூரின் குளிர்விப்புக் கோபுரத்துக்கு மேலே வெள்ளையாகத் திரள்வது நீர்த்துளிகள். அதைப் படமெடுத்து 'நச்சுப்புகை' என்று போட்டால், உண்மையான நஞ்சு வெளியேறும் புகைபோக்கி தப்பித்துக்கொள்கிறது. இத்தாலியின் லார்தெரெல்லோவில் பூமியே கொதிக்கவைத்துத் தரும் ஆவியில் 1913 முதல் மின்நிலையம் நடக்கிறது. அங்கே அடுப்பே இல்லை. மொராக்கோவின் வார்ஸாஸாத்தில் கண்ணாடிகள் பகல் வெயிலைத் திரட்டி உப்பை உருக்கிவைக்க, பொழுது சாய்ந்த பிறகும் அந்தச் சூட்டில் ஆவி எழுந்து விளக்கெரிகிறது.

கமுதியின் சூரியத் தகடுகளும் முப்பந்தலின் காற்றாலைகளும் பெருக வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் சூரியத் தகட்டில் சுழலும் எடை ஏதுமில்லை. எங்கோ ஒரு நிலையம் திடீரென்று நின்றால், மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸ் அலைவெண் சட்டென்று சரியாமல் முதல் சில நொடிகள் தாங்குவது, ஆவி சுழற்றும் பல நூறு டன் இரும்பின் உந்தம். அந்த வேலையை வேறு வழிகளிலும் செய்யலாம். அதற்குத் திட்டமும் பணமும் வேண்டும். 'நீராவி பழங்கதை' என்று நினைப்பவர்கள் அப்படியொரு வேலை இருப்பதையே கணக்கில் எடுப்பதில்லை. மூடப்போகும் அனல்மின் நிலையங்களின் ஜெனரேட்டர்களை, எரிபொருள் இல்லாமல் மின்கட்டமைப்பைத் தாங்குவதற்காக மட்டும் சுழலவிட முடியும். பழைய இரும்பென்று ஏலம் விடுவதற்குமுன் ஒவ்வொரு நிலையத்திலும் அதை ஆராய்ந்து பார்த்தாக வேண்டும்.

கொதிகலன் தொழிலாளியை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அதிகம். 2020 மே மாதத்திலும் ஜூலையிலும் நெய்வேலியில் கொதிகலன் பகுதியில் நடந்த விபத்துகளில் தொழிலாளர்கள் வெந்து மாண்டார்கள். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். முடிந்துபோன தொழில் என்று ஊரே நம்பும் ஒன்றில் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஆய்வாளர் பணியிடங்களுக்கும் யார் பணம் கேட்டுப் போராடுவார்கள்? நிலக்கரி போய் அணுவோ வெயிலோ சக்கையோ வந்தாலும், குழாய்க்குள் அதே அழுத்தம், அதே சூடு. பக்கத்தில் நிற்கப்போவதும் இவர்களைப் போன்றவர்கள்தான். ஐடிஐகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கொதிகலன் பயிற்சியை இன்னும் விரிவாக்குங்கள்; ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் நிரந்தர ஊழியருக்குத் தரும் அதே பயிற்சியையும் அதே பாதுகாப்பையும் கொடுங்கள்.