கோர்டோபாவுக்கு அரை நாள் போதுமாம்!

ஸ்பெயினின் தெற்கே இருக்கும் அந்தலூசியாவுக்கு நாலைந்து நாள் லீவில் கிளம்புகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரே அட்டவணைதான். செவில்லில் ரூம் போடு. அல்காசர் அரண்மனை, பெரிய தேவாலயம், ராத்திரி ஃபிளமெங்கோ. மூன்றாம் நாள் காலை ரயிலில் கோர்டோபா போ, பழைய பள்ளிவாசலில் நாலு போட்டோ எடு, சாயங்காலம் செவில்லுக்கே திரும்பு. ரயிலில் முக்கால் மணி நேரம்தான் என்பதால் இது ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு மாதிரி தெரியும். உண்மையில் யாரோ எப்போதோ போட்ட அட்டவணையை அடுத்தவர் காப்பியடித்து, அதை அதற்கடுத்தவர் காப்பியடித்தது. இரண்டில் ஓர் ஊரில்தான் தங்க முடியும் என்றால் கோர்டோபாவில் தங்க வேண்டும். அரை நாளில் எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டிய ஊர் செவில்.

செவில் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. விமான நிலையம் அங்கேதான். ஊரும் பெரிசு, கோர்டோபாவின் ஜனத்தொகை மூன்று லட்சத்துச் சொச்சம், செவில்லில் அதைப் போல் இரண்டு மடங்கு. ஆற்றைத் தாண்டினால் திரியானா, நடுராத்திரியிலும் தெருவில் ஆள் நடமாட்டம். 1929 கண்காட்சிக்காகக் கட்டிய பிளாசா தெ எஸ்பான்யாவின் பீங்கான் ஓடுகளைக் குறை சொல்ல யாராலும் முடியாது. (அங்கே கூட்டம் தாங்காமல், வெளியூர்க்காரர்களுக்குக் கட்டணம் போடப் போவதாக 2024இல் மேயரே அறிவித்தார் என்பது வேறு கதை.)

ஆனால் செவில் காட்டும் கதை முடிந்துபோன கதை. 1248இல் காஸ்டீலின் மன்னர் ஊரைப் பிடித்தார். அங்கிருந்த பெரிய பள்ளிவாசலை நூற்றைம்பது வருஷம் தேவாலயமாகப் புழங்கிவிட்டு, 1401இல் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று குருமார்கள் முடிவெடுத்தார்கள். மினாராவையும் ஆரஞ்சு மர முற்றத்தையும் மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த மினாராதான் இன்றைய ஹிரால்டா கோபுரம். உள்ளே நான்கு ராஜாக்கள் தோளில் சுமக்க கொலம்பஸின் பெட்டி. பக்கத்துக் கட்டடத்தில் அமெரிக்கக் காலனிகளின் ஆவணங்கள். எல்லாம் துடைத்து, பெயர்ப்பலகை மாட்டி, பிரமாண்டமாக இருக்கிறது. வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வெளியே வந்து ஐஸ்கிரீம் சாப்பிடலாம். ஜெயித்தவர் வீட்டு வரவேற்பறைக்கு ஒரு பகல் போதும்.

கோர்டோபாவில் அப்படி இடித்து முடிக்கவில்லை. வம்பே அதில்தான் ஆரம்பம்.

எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பள்ளிவாசல் அது. பழைய ரோமானிய, விசிகோத்திக் கட்டடங்களிலிருந்து தூண்களைப் பெயர்த்து வந்தார்கள். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. போதாத உயரத்துக்கு என்ன செய்வது? வளைவின் மேல் இன்னொரு வளைவை ஏற்றினார்கள். சிவப்புச் செங்கல்லும் வெளிர் கல்லும் மாறி மாறி வரும் அந்த இரட்டை வளைவு இப்படிப் பிறந்ததுதான். இரண்டு நூற்றாண்டுகளாக ஒவ்வொருவரும் நீட்டிக்கொண்டே போனதில், இன்றும் எண்ணூற்றைம்பதுக்கு மேல் தூண்கள் நிற்கின்றன. இரண்டாம் ஹகம் காலத்து மிஹ்ராபின் பொன் மொசைக்குக்கு பைசாந்தியப் பேரரசரிடமிருந்தே ஆளும் சரக்கும் வந்தன.

1236இல் ஊர் கைமாறியது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு, கிறிஸ்தவர்கள் பெரிதாக எதையும் இடிக்காமல் அதற்குள்ளேயே பூசை நடத்தினார்கள். 1523இல் ஆயர் ஒருவர் நட்டநடுவே பெரிய தேவாலயம் எழுப்பியே தீருவது என்று கிளம்பினார். எதிர்த்தது யார்? கிறிஸ்தவர்களே நடத்திய நகரசபை! இடிக்கிற வேலைக்குப் போகிறவனுக்கு மரண தண்டனை என்றே அறிவித்தது. விவகாரம் மன்னர் ஐந்தாம் சார்லஸிடம் போக, நேரில் பார்க்காமலே அவர் ஆயர் பக்கம் தீர்ப்பு சொன்னார். 1526இல் செவில் அல்காசரில் கல்யாணம் முடித்துவிட்டு கோர்டோபா வந்து பார்த்தவர், உலகத்தில் எங்கும் இல்லாததை அழித்து எங்கும் இருப்பதைக் கட்டிவிட்டீர்களே என்று நொந்துகொண்டதாகக் கதை. நொந்தாரோ இல்லையோ, கிரானடாவில் அல்ஹம்ப்ராவுக்குள்ளேயே தனக்கொரு அரண்மனை கட்டக் கிளம்பியவரும் இதே சார்லஸ்தான்.

இந்தக் கட்டடத்துக்குள் வெளிச்சம் குறைந்த தூண்களுக்கிடையே நடந்துகொண்டே போனால், திடீரென்று கூரை எகிறி வெள்ளை வெளேரென்று தேவாலயம் முளைக்கிறது. முதல் பத்து நிமிஷம் கோபம் வரும். அரை மணி கழித்து, நடுவில் இது வந்ததால்தான் சுற்றியிருப்பது பிழைத்ததோ என்று சந்தேகம் வரும். அப்படி வாதாடுகிறவர்களும் உண்டு. செவில்லில் நடந்ததை நினைத்தால் தள்ளிவிட முடியாத வாதம்தான். திரும்ப மிஹ்ராப் பக்கம் போனால் மறுபடி கோபம். இத்தனையும் நடக்க நேரம் வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் நாற்பது பேரோடு ஓடுகிறவருக்குக் கிடைப்பது சிவப்பு வெள்ளை வளைவு போட்டோ ஒன்றுதான்.

சண்டை பழசு என்றும் நினைக்க வேண்டாம். 2006இல் கோர்டோபா மறைமாவட்டம் இந்தக் கட்டடத்தை வெறும் 30 யூரோ செலவில் தன் பெயருக்குப் பதிவு செய்துகொண்டது. பழைய அடமானச் சட்டம் ஒன்று திருச்சபைக்குக் கொடுத்திருந்த சலுகை அது. 2015இல் அந்தச் சலுகை ரத்தானது, பதிவு நின்றுவிட்டது. பார்வையாளர்களுக்குத் தரும் துண்டுப்பிரசுரத்தில் ‘பள்ளிவாசல்’ என்ற வார்த்தையே காணாமல் போய், ஊர்க்காரர்கள் லட்சக்கணக்கில் கையெழுத்து திரட்டிப் போராடிய பிறகு 2016இல் திரும்பி வந்தது. முஸ்லிம்கள் அங்கே தொழ இன்றைக்கும் அனுமதியில்லை. டிக்கெட் காசு திருச்சபைக்கே போகிறது. காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போகிறவர் கோர்டோபாவுக்கு விட்டுச்செல்வது கிட்டத்தட்ட அந்த டிக்கெட் காசும் ஒரு தண்ணீர் பாட்டில் காசும்தான். ராத்திரி சாப்பாடு, ரூம் வாடகை, மறுநாள் காப்பி எல்லாம் செவில்லுக்கு.

இதற்காக, கோர்டோபா மூன்று மதங்களும் கொஞ்சிக் குலாவிய சொர்க்கம் என்ற டூரிஸ்ட் பிரசுரக் கதையை நம்ப வேண்டியதில்லை. 1126இல் இங்கே பிறந்த இப்னு ருஷ்தை 1195இல் பக்கத்து லூசெனாவுக்கு நாடு கடத்தியது முஸ்லிம் அரசுதான், புத்தகங்களையும் கொளுத்தினார்கள். யூத அறிஞர் மைமோனிதிஸின் குடும்பம் 1148க்குப் பிறகு ஊரை விட்டே ஓடியது; அவர் கடைசியில் எகிப்தில் இறந்தார். 1391இல் செவில்லில் ஒரு பிரசங்கி மூட்டிய கலவரம் கோர்டோபா யூதர்களையும் விழுங்கியது. 1315இல் கட்டிய யூதர் ஜெபக்கூடம் ஒன்று இன்னும் இருக்கிறது. பெரிய சமையலறை அளவுக்குத்தான். விரட்டப்பட்ட இருவருக்கும் இப்போது ஊர் சிலை வைத்திருக்கிறது!

வெயில்? கோடையில் கொளுத்தும், சந்தேகமே இல்லை. 2021 ஆகஸ்டில் கோர்டோபா மாகாணத்தில் 47 டிகிரியைத் தாண்டியது. செவில் மட்டும் என்ன ஊட்டியா? இரண்டுக்கும் ஜூலை, ஆகஸ்டில் போகக் கூடாது. மே மாதம் போனால் வீட்டு முற்றங்களைப் பூந்தொட்டிகளால் நிறைத்து ஊருக்கே கதவைத் திறந்துவைக்கும் திருவிழா. சாப்பாட்டுக்கும் குறையில்லை. தக்காளியும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் அரைத்த சால்மொரேஹோ என்ற குளிர்ந்த கெட்டி சூப் இந்த ஊர்ச் சரக்கு. (சைவக்காரர்கள் மேலே தூவும் பன்றி இறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.) கத்திரிக்காயை மொறுமொறுப்பாகப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள்.

அரை நாள்காரர்கள் கட்டாயம் தவறவிடுவது மதீனா அசாரா. மூன்றாம் அப்துர் ரஹ்மான் பத்தாம் நூற்றாண்டில் ஊருக்கு மேற்கே கட்டிய அரண்மனை நகரம். எண்பது வருஷம்கூடத் தாங்காமல் உள்நாட்டுச் சண்டையில் சூறையானது. பெரும்பகுதி இன்னும் மண்ணுக்கடியில். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதற்கே ஒரு காலைப் பொழுது வேண்டும்.

எல்லோரும் கோர்டோபாவில் தங்கினால் அதுவும் செவில்லின் சாந்தா குரூஸ் மாதிரி முழுக்க டூரிஸ்ட் வீடுகளாகிவிடாதா? நியாயமான கேள்வி. பழைய யூதர் தெருவுக்குள் யாரோ குடியிருந்த வீட்டை வாடகைக்கு எடுக்காமல், ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சாதாரண ஓட்டலில் படுக்கலாம். மெஸ்கீத்தாவுக்கு நடந்தே போகிற தூரம்தான். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை எட்டரைக்கு ஒரு மணி நேரம் இலவசமாக விடுவது வழக்கம். செவில் ரயில் கூட்டம் வந்து சேர்வதற்குள் தூண்களுக்கிடையே இரண்டு சுற்று சுற்றி வந்துவிடலாம்.