கிராம சபையில் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்

சட்டமன்றம் சட்டம் இயற்றும், அரசு நிறைவேற்றும், நீதிமன்றம் தவறைத் தடுக்கும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை ஒப்பிக்க வைப்பது எளிது. ஒன்றை ஒன்று ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்பதுதான் விளங்காது. பலாவும் முந்திரியும் விளையும் கடலூர் மாவட்டக் காடாம்புலியூர் போன்ற ஊரில் அதை விளக்கக் கிராம சபையே போதும்.

தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் எழுந்து கேட்கிறார். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுகிறது. வந்தவர்கள் தீர்மானத்தில் கையெழுத்திடுகிறார்கள். செலவு செய்பவரே கணக்கையும் சரிபார்த்துக்கொள்ளக் கூடாது என்பதைக் குழந்தை கண்ணால் பார்த்துவிடும்.

கடலூர் மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. முடிவெடுப்பவரும் நிறைவேற்றுபவரும் ஒருவரே என்றால் யாரிடம் முறையிடுவது? வகுப்பில் இதைக் கேட்க வேண்டும். கட்சி அரசியல் ஆகிவிடுமோ என்று ஆசிரியர்கள் தயங்கத் தேவையில்லை.

ஒன்றை ஒன்று கட்டுப்படுத்துவதை மாநில அளவிலும் காட்டலாம். தமிழக ஆளுநர் 10 மசோதாக்களை நிறுத்தி வைத்தது செல்லாது என 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஆளுநரின் ஒப்புதலுக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று அதே ஆண்டு நவம்பரில் சொன்னது. நீதிமன்றத்துக்கும் எல்லை உண்டு!

ஆகஸ்ட் 15-இல் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அன்றுதான் கிராம சபையும் கூடுகிறது. அவர்களை அங்கே அழைத்துப்போகப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இப்போதே தீர்மானம் போட வேண்டும்.