கொடும்பாவி யார்?

மழை பெய்யாத வருஷங்களில் நம் நாட்டுக் கிராமங்களில் வைக்கோலால் ஓர் உருவம் செய்து, அதற்குக் "கொடும்பாவி" என்று பெயரிட்டு, தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போய், மார்பிலடித்து ஒப்பாரி வைத்து, கடைசியில் ஊர் எல்லையில் கொளுத்திவிட்டு வருவது ஒரு வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. ஊரில் எவனோ ஒரு மகாபாவி இருப்பதனால்தான் வானம் பொய்த்தது என்றும், அவனைக் கொளுத்தியதாகப் பாவித்துவிட்டால் வருணன் மனமிரங்கி மழையைக் கொட்டுவான் என்றும் நம்பிச் செய்யப்படும் காரியம் இது. தவளைக்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்து வைப்பது இதற்கு அடுத்தபடியான வைத்தியம்.

படித்தவர்கள் இதைப் பாமர மக்களின் அறியாமை என்று சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆனால் அப்படிச் சிரிக்கப் படித்தவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கிறேன். 2019-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் வறட்சி வந்தபோது நமது சர்க்காரின் இந்து அறநிலையத் துறையே முக்கியமான கோவில்களுக்கெல்லாம் சுற்றறிக்கை அனுப்பி, வருண ஜெபம் செய்யும்படியும், நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பும்படியும், அமிர்தவர்ஷிணி முதலிய ராகங்களை வாசிக்கும்படியும் சொல்லவில்லையா? அவ்வருஷம் ஜூன் மாதம் அப்போதைய ஆளுங்கட்சியின் மந்திரிகளே கோவில் கோவிலாக யாகத்தில் உட்காரவில்லையா? கிராமத்தான் வைக்கோலைக் கொளுத்தினால் மூடநம்பிக்கை. மந்திரி நெய்யைக் கொளுத்தினால் ராஜாங்க காரியமா? இரண்டிலும் புகைதான் வந்தது. சென்னைப் பட்டணத்துக்குத் தண்ணீர் வந்தது எப்படி என்றால், 2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. அந்த ரயிலை ஓட்டியவர்கள் மனிதர்களே ஒழிய வருணன் அல்ல.

"ஜெபம் செய்த பிறகு மழை பெய்யத்தானே செய்தது?" என்று சில பக்தர்கள் கேட்கலாம். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று ஜெபம் செய்யாத வருஷங்களிலும்தான் வருகிறது. ஜெபத்துக்கு மழை வருமென்றால், 2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்துபோனதும், தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பிரதேசமாக சர்க்கார் அறிவிக்க நேர்ந்ததும் எதனால்? அந்த வருஷம் கோவில்களில் பூஜை நின்றா போயிற்று?

நிற்க. மழை பொய்ப்பதெல்லாம் மனிதன் செய்கையால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. 1876-ஆம் வருஷத்துத் தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். அன்று மழை தவறியதற்குப் பசிபிக் சமுத்திரத்தின் நீர் அளவு கடந்து சூடானதே முக்கிய காரணம் என்று இன்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். இதில் யாருடைய பாவமும் இல்லை. ஆனால் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போதே இந்நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்ததே, அது மனிதர்கள் செய்த காரியம். ஆகவே இயற்கை செய்தது எது, மனிதன் செய்தது எது என்று பிரித்துப் பார்ப்பதே பகுத்தறிவு. இரண்டையும் சேர்த்து மூட்டை கட்டி, "தலைவிதி" என்று பெயர் எழுதி வைப்பது சோம்பேறித்தனம்.

இப்போது மனிதன் செய்துவரும் காரியம் என்னவென்று பார்ப்போம். நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வெளிவரும் கரியமிலவாயு உஷ்ணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது என்பதை 1859-இல் டிண்டால் என்பவர் சோதனைச் சாலையில் செய்து காட்டினார். அது காற்றில் அதிகமானால் பூமி முழுவதும் சூடேறும் என்று 1896-இல் ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ் கணக்குப் போட்டுச் சொன்னார். நீராவி இயந்திரங்கள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்காக இருந்த இந்த வாயு, ஹவாய்த் தீவு மலையொன்றில் 1958-இல் அளக்க ஆரம்பித்தபோது 315 பங்காக இருந்தது. 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த 2024-ஆம் வருஷமே, அதுவரை கணக்கெடுக்கப்பட்ட வருஷங்களிலெல்லாம் அதிக வெப்பமான வருஷமாயிற்று. பழைய நிலைக்கு மேல் சுமார் ஒன்றரை டிகிரி ஏறியது. இது ஞான திருஷ்டியில் கண்டதல்ல. சந்தேகமுள்ளவன் எவனும் அளந்து பார்க்கக்கூடியது.

ஒன்றரை டிகிரிதானே என்று அலட்சியமாக எண்ணக்கூடாது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் அதிகமாகிறது. அதனால் வறளும்போது மண்ணின் ஈரத்தை அதிகமாக உறிஞ்சும். பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டும். வறட்சியும் வெள்ளமும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல, ஒரே காரணத்தின் இரண்டு காரியங்களாக இருக்கலாம் என்பதை நம் ஜனங்கள் அறிய வேண்டும்.

இதை நான் வடக்கனந்தலில் இருந்துகொண்டு எழுதுகிறேன். கல்வராயன் மலையின் அடிவாரம் இது. மலையில் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி, கோமுகி அணையில் சேர்ந்து, சுமார் பத்தாயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. அணையின் முழு அளவு 46 அடி என்பது இங்கே கரும்பு வெட்டப் போகிறவருக்கும் தெரியும். கோமுகி என்ற பெயரில் பசுவின் முகம் இருக்கிறது. ஆனால் தண்ணீர் பசுவின் முகத்திலிருந்து வரவில்லை. மலையின் காட்டிலிருந்து வருகிறது. காடு இருந்தால் மழைநீர் மண்ணில் இறங்கி மெதுவாகக் கசிந்து வரும். காடு போனால் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவந்து அணையைத் தூர்க்கும். அணைக்குப் பூப்போடுகிறவர்கள் இதை நினைத்தார்களானால் பூவோடு நிறுத்தமாட்டார்கள்.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு வினாடிக்கு 1,68,000 கன அடி வரையில் தண்ணீர் திறக்கப்பட்டு, நம் ஜில்லாவில் மூங்கில்துறைப்பட்டு முதற்கொண்டு தென்பெண்ணைக் கரை ஊர்களெல்லாம் தத்தளித்தன. திருவண்ணாமலையில், சிவனே மலையாக நிற்பதாகச் சொல்லப்படும் அந்த மலையின் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. செத்தவர்களைச் சொல்லி மதத்தோடு வாதாடுவது என் எண்ணமல்ல. அந்தக் குழந்தைகள் எந்தப் பாவமும் செய்யவில்லை என்பதையும், அவர்கள் வீடு மலைச்சரிவில் இருந்ததற்குக் காரணம் வறுமை என்பதையும் மட்டும் சொல்லுகிறேன். புயல் எங்கே திரும்பும் என்பது நம் வசமில்லை. சரிவில் வீடு கட்டித்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலைமை நம் வசத்தில் உள்ளது.

அப்படியானால் கொடும்பாவி யார்? கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஓர் ஆளுக்கு வருஷத்தில் சுமார் 14 டன் கரியமிலவாயு வெளியாகிறது. இந்தியாவில் சுமார் 2 டன். தொழில் யுகம் தொடங்கி இதுவரை உலகம் வெளியிட்டதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. அந்த 2 டன்னும்கூட இந்தியர் எல்லோருக்கும் சமமாகப் பிரித்த கணக்கு. அறைக்கு அறை குளிர்சாதனமும் ஆளுக்கொரு மோட்டாரும் வைத்திருக்கிறவர் பங்கும், கல்வராயன் மலையில் சாமை விதைக்கிறவர் பங்கும் ஒன்றாகுமா? வர்ணாசிரமம் போலவே இதிலும், அனுபவிக்கிறவன் மேலே இருக்கிறான். சுமக்கிறவன் கீழே இருக்கிறான். கீழே இருக்கிறவனைப் பார்த்து "இது உன் கர்மபலன்" என்று சொல்ல ஒரு கூட்டமும் இருக்கிறது.

காட்டை அழித்தவன் மலைவாசி என்றும் ஒரு பேச்சு உண்டு. கல்வராயன் மலை 1976-ஆம் வருஷம் வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அதன் பிறகும் ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஒழுங்காகப் போய்ச் சேராமல், 2024-இல் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து மலை மக்களின் நிலையை விசாரிக்கும்படி ஆயிற்று. 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழர்களைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் மலைவாசிகளும் உண்டு. கூலிக்குக் கோடாலி பிடித்தவன் செத்தான். கட்டையைக் கப்பலேற்றிப் பணக்காரனானவன் எந்தக் காட்டிலும் சாகவில்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி மலைவாசிகளுக்கு நிலமும் பட்டாவும் கொடுத்து, காட்டுக்கு அவர்களையே காவலாக்கினால், காடும் பிழைக்கும், அவர்களும் பிழைப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

"நம் முன்னோர்கள் கோவில்காடு என்று வைத்து மரங்களைக் காப்பாற்றவில்லையா? பக்திதானே இயற்கையைக் காத்தது?" என்று கேட்கிறவர்களும் உண்டு. சில இடங்களில் மரம் மிஞ்சியது உண்மைதான். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சாமி கண்ணைக் குத்தும் என்ற பயத்தால் நிற்கிற மரம், கோவிலுக்கு மண்டபம் கட்ட வேண்டும் என்று தர்மகர்த்தா சொன்னவுடனே விழுந்துவிடும். மரம் நின்றால் நம் கிணற்றில் ஊற்று நிற்கும் என்று தெரிந்து நிறுத்திய மரத்தை வெட்ட வருகிறவன் ஊராருக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, மழைக்காக ஜெபம் செய்யும்படி சர்க்கார் இனி ஒரு காகிதமும் அனுப்பக்கூடாது. அந்தச் செலவில் ஊர்ப் பள்ளிக்கூடம்தோறும் ஒரு மழைமானி வைத்து, பிள்ளைகளே தினம் அளந்து பலகையில் எழுதட்டும். பத்து வருஷக் கணக்கு கையிலிருந்தால் எந்தப் பஞ்சாங்கமும் நம்மை ஏமாற்ற முடியாது. இரண்டாவது, ஏரியையும் வரத்து வாய்க்காலையும் ஆக்கிரமித்தவர்கள் எந்த ஜாதியானாலும் எந்தக் கட்சியானாலும் அப்புறப்படுத்தப்பட வேண்டும். மூன்றாவது, அணை திறக்கப்படும் செய்தி கரையிலுள்ள கடைசிக் குடிசைக்கும் பொழுதிருக்கும்போதே போய்ச்சேர வேண்டும். நான்காவது, நம் பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலேயே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் மின்சாரம் எடுக்க நம் நாட்டில் வசதி இருக்கையில், கரியை வருஷாவருஷம் குறைத்துக்கொண்டு வர வேண்டும். அதை நம்பிப் பிழைக்கும் தொழிலாளிக்கு மாற்று வேலை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஐந்தாவது, புகையிட்டுக் கொழுத்த தேசங்கள் நஷ்டஈடு கொடுக்கவேண்டும். 2022-இல் எகிப்து தேசத்தில் கூடிய மகாநாட்டில் இதற்கென ஒரு நிதி வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அது தர்மமல்ல, கடன் என்று நாம் கேட்டு வாங்க வேண்டும்.

இவற்றில் எதுவும் கடவுளிடம் கேட்கக் கூடியதல்ல. மனிதரிடம், அதிலும் அதிகாரத்திலிருக்கும் மனிதரிடம் கேட்க வேண்டியது. கடவுளிடம் கேட்டால் ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை. மனிதரிடம் கேட்டால் விரோதம் வரும். அந்த விரோதத்துக்குப் பயந்துதான் இத்தனை காலமும் வைக்கோல் பொம்மையைக் கொளுத்திக்கொண்டிருந்தோம். அடுத்த வறட்சி வரும்போது வடக்கனந்தல் வாலிபர்கள் வைக்கோலை மாட்டுக்குப் போட்டுவிட்டு, மழைக்கணக்கையும் மனுவையும் எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக் கலெக்டர் கச்சேரிக்குப் போவார்களா என்று கேட்கிறேன்.